கணக்கில் ஏறாத 3 கிரெடிட்

ராணிப்பேட்டையில் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் 18 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். தோலை நாங்கள் சதுர அடியில் வாங்குகிறோம். ஐரோப்பாவில் இருந்து வரும் தாள்களில் சில சமயம் சதுர டெசிமீட்டரில் போட்டிருப்பார்கள். 1 சதுர அடி என்றால் 9.29 சதுர டெசிமீட்டர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இத்தனை வருஷத்தில் அளவை வைத்து ஒரு சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சண்டை எல்லாம் செலக்ஷனில்தான், அதாவது தோலின் தரத்தில். ஆயிரம் அடி தோல் வந்து இறங்கும், அளந்தால் ஆயிரம் சரியாக இருக்கும். விரித்துப் பார்த்தால் உண்ணி கடித்த தடமும் முள் கிழித்த தழும்பும் இருக்கும். கட்டிங் பார்ப்பவர் "இது நான் கேட்ட தோல் இல்லை" என்பார். அளவு சரி, சரக்கு வேறு.

அக்கா மகள் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுக்கு நேர்ந்தது அச்சாக இதுதான். வேலூர்ப் பக்கம் இப்போது எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் இதே பேச்சை எடுக்கிறார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

2025 பொங்கல் லீவில் காட்பாடியில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் அப்போது பொறியியல் 6-ஆவது செமஸ்டர். அவளுடைய கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு ஹோக்ஷூலேவுக்கும் (அங்கே கல்லூரியை அப்படிச் சொல்வார்கள்) ஒப்பந்தம் இருந்தது. 7-ஆவது செமஸ்டரை அங்கே போய்ப் படிக்கலாம் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். மாமா அரசுப் பேருந்தில் நடத்துநர், ஓய்வு பெற இன்னும் 4 வருஷம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்மா?" உடனே நான் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். டிக்கெட், வாடகை, சாப்பாடு, விசா. ராத்திரி பதினொரு மணி வரை எழுதினோம். அங்கே படிக்கிற பாடம் இங்கே எப்படிக் கணக்கில் ஏறும் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. கணக்கு எழுதுவதே வேலையாக இருக்கும் நான் கேட்டிருக்க வேண்டும்.

அம்மா மட்டும் அன்று ரொம்ப சந்தோஷமாக இருந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் பிறந்தது எங்கள் ராணிப்பேட்டையில், 1870-இல். அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் வாங்கிக்கொண்டு வேலூருக்குத் திரும்பியவர் அவர். சி.எம்.சி. மருத்துவமனை அப்படி வளர்ந்ததுதான். அந்தக் கதையை அம்மா பேத்தியிடம் அன்று இரண்டு தடவை சொன்னார். தோட்டப்பாளையத்தில் லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்த்துப் பழகிய ஊர் இது. வெளியூர்க்காரர்கள் வைத்தியத்துக்கு இங்கே வருவார்கள். எங்கள் வீட்டில் இருந்து ஒரு பெண் புறப்படுவது அதுதான் முதல் தடவை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்' என்று ஒரே பெயரில் சொல்கிறார்களே, அதில் வெவ்வேறு சரக்கு இருக்கிறது. இரண்டு கல்லூரிகளும் ஒப்பந்தம் போட்டு மாணவர்களை மாற்றிக்கொள்வது எக்ஸ்சேஞ்ச். இதில் கல்விக் கட்டணத்தை வழக்கம்போல இங்கே கட்டிவிட்டுப் போனால் அங்கே கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் நாமாகவே விண்ணப்பித்து ஒரு செமஸ்டர் போய் உட்காருவது இன்னொன்று. அங்கே என்ன கட்டணமோ அதைக் கட்டியாக வேண்டும், இங்கேயும் பல இடங்களில் கட்டணம் நிற்பதில்லை. இடையில் ஏஜென்சி ஒன்று புகுந்து அறை, இன்சூரன்ஸ், ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்பதும் உண்டு. இவை போக, பட்டத்தோடு பிணைந்த ஏற்பாடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. ஒரு பகுதியை வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கத்திய பட்டம் வாங்கும் ட்வின்னிங் என்றால், மொத்த கிரெடிட்டில் (படிப்பின் அளவை எண்ணும் புள்ளி) வெளிநாட்டில் பெறுவது 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு கல்லூரியும் சேர்ந்து ஒரே பட்டம் கொடுக்கும் ஜாயின்ட் டிகிரி என்றால் இரண்டு பக்கமும் குறைந்தது 30 சதவீதமாவது படித்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளை கொண்டுவரும் தாள் இவற்றில் எது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்காதீர்கள்.

எங்களுடையது எக்ஸ்சேஞ்ச். அந்த வகையில் நிம்மதி.

அடுத்து கிரெடிட். காட்பாடியில் டீக்கடையில் நின்றால்கூட இந்தச் சொல் காதில் விழும். இங்கே இருக்கும் வி.ஐ.டி. பல்கலைக்கழகப் பிள்ளைகள் தாங்களே பாடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறையில் படிப்பவர்கள், எப்போதும் கிரெடிட் கணக்குதான் பேசுவார்கள். பேசக் கேட்டிருக்கிறேனே தவிர, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று அதுவரை பார்த்ததில்லை. நம் பொறியியல் பாடத்திட்டத்தில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, ஒரு செமஸ்டர் முழுவதும் நடந்தால் 1 கிரெடிட். லேப் என்றால் வாரம் 2 மணி நேரத்துக்கு 1. தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ. 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் 4 வருஷத்துக்கு 160 கிரெடிட் என்று வைத்திருக்கிறது. எட்டால் வகுத்தால் செமஸ்டருக்கு 20.

ஐரோப்பாவில் ஈ.சி.டி.எஸ். என்று ஒரு கிரெடிட் கணக்கு முறை. 1989-இல், எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குள் சோதனை முறையில் ஆரம்பித்தது. இப்படி ஊர் மாறிப் படிக்கும் பிள்ளைகளின் படிப்பு வீணாகாமல் இருக்கத்தான் அதை உண்டாக்கினார்கள். ஒரு வருஷத்துக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஆனால் அவர்கள் எண்ணுவது வகுப்பில் உட்கார்ந்த நேரத்தை மட்டும் அல்ல. வகுப்பு, வீட்டில் படிப்பது, கட்டுரை எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்புக்கு ஒரு கிரெடிட். ஆக, அங்கே 5 கிரெடிட் பாடம் என்றால் 125 முதல் 150 மணி நேரம்.

இங்கே செமஸ்டருக்கு 20, அங்கே 30. நம் 1 கிரெடிட்டுக்கு அவர்களுடையது ஒன்றரை. அங்கே 5 என்றால் இங்கே 3 சொச்சம், 3 என்று எடுத்துக்கொள்வார்கள். சில கல்லூரிகள் வேறு விகிதமும் வைத்திருக்கின்றன. எப்படியும் 6 பாடம் எடுத்தால் 30 வந்துவிடும் என்று நானும் அவளும் கணக்குப் போட்டு முடித்தோம். அமெரிக்கா, இங்கிலாந்து என்றாலும் இதே மாதிரி கூட்டிக் கழிக்கலாம். இங்கிலாந்தில் வருஷத்துக்கு 120, அவர்களுடைய 2 ஐரோப்பாவின் 1-க்குச் சமம். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120, அதாவது செமஸ்டருக்கு 15. அங்கே பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தையே கிரெடிட்டுக்கு இவ்வளவு என்றுதான் போடுகின்றன. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 எடுத்தாக வேண்டும் என்பதால், பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பாடத்தைக் குறைக்கவும் வழி இல்லை.

சரி, இதுவரை அளவு. சதுர அடி, டெசிமீட்டர் மாதிரி. செலக்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்.

ஜெர்மனி விசாவுக்கு முடக்கக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். மாதத்துக்கு 992 யூரோ வீதம், வருஷத்துக்கு 11,904. 2024 செப்டம்பரில் இருந்து இதுதான் தொகை. எங்களுக்கு 6 மாதத்துக்கு 5,952 யூரோ. இதைக் கட்டணம் என்று நினைத்து அக்கா முதலில் பயந்துவிட்டாள். இது கட்டணம் இல்லை, நம் பணம். அங்கே போனபின் மாதா மாதம் 992 நம் பிள்ளையின் கைக்கே வரும், மீதியும் நமக்கே. ஆனால் விசாவுக்கு முன்னாலேயே மொத்தமாக அனுப்பியாக வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு வலி அங்கேதான்.

பொங்கல் அன்று நான் நோட்டில் யூரோவுக்கு 89 ரூபாய் என்று எழுதினேன். 5 லட்சத்து 30 ஆயிரம் வந்தது. கல்லூரி முடிவு செய்து, ஹோக்ஷூலே கடிதம் அனுப்பி, நாங்கள் பணம் அனுப்பும்போது ஜூலை. யூரோ 100-ஐத் தாண்டியிருந்தது. அதே 5,952 யூரோ இப்போது 5 லட்சத்து 95 ஆயிரம். வங்கி எடுத்துக்கொண்ட கமிஷன் தனி. எங்கள் கம்பெனிக்குப் பணம் யூரோவில் வருகிறது, யூரோ ஏறினால் ஆபீஸே கலகலப்பாக இருக்கும். அந்த ஆறு மாதமும் காலையில் ஆபீஸில் ரேட்டைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், எனக்கு மட்டும் வயிற்றைப் பிசையும். அந்த 65 ஆயிரம் அக்காவின் இரண்டு வளையல். வளையலை வங்கியில் அடகு வைத்துத்தான் வித்தியாசத்தைக் கட்டினோம். மீதிக்கு மாமா நான்கு வருஷமாகப் போட்ட சீட்டை எடுத்தார். வெளிநாட்டுப் பணத்தில் செலவு வருகிறது என்றால் இன்றைய ரேட்டின் மேல் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூட்டி எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை.

வரி பற்றியும் பலர் கேட்டார்கள். படிப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கி டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிக்கும் வரம்பு 2025 ஏப்ரலில் இருந்து 7 லட்சம் போய் 10 லட்சம் ஆகியிருக்கிறது, நிதியாண்டுக்கு ஒருவருக்கு. எங்கள் தொகை அதற்குள் அடங்கிவிட்டது. வங்கிக் கல்விக் கடனில் இருந்து போகும் பணம் என்றால் 10 லட்சத்துக்கு மேலும் பிடித்தம் இல்லை. பிடித்தாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்ப வரும், ஆனால் அதுவரை கையைவிட்டுப் போயிருக்கும். கடன் வாங்குகிறவர்களுக்கு வட்டிக்கு வருமான வரியில் 8 வருஷம் வரை விலக்கு உண்டு, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

அங்கே போனபின் ஆன செலவு நான் பயந்த அளவுக்கு இல்லை. விடுதி அறை 310 யூரோ. மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 140-க்கு மேல், அது கட்டாயம். செமஸ்டர் கட்டணம் என்று ஒன்று, கல்விக்கு அல்ல, மாணவர் சேவைக்கும் பேருந்துக்கும். அவளுக்கு 150 ஆனது. எதிர்பாராமல் வந்தது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம். டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று பெண்கள் பிரித்துக் கட்டினார்கள். மாதம் 750-க்குள் சமாளித்துவிட்டாள். மிளகாய்த் தூளும் புளியும் இங்கிருந்து போனது. திரும்பும்போது 1,200 யூரோ போல மிச்சம். டிக்கெட், விசா, குளிருக்குக் கோட்டு எல்லாம் சேர்த்து மொத்தம் 6 லட்சத்துக்குள் முடிந்தது. இங்கே கட்டிய செமஸ்டர் கட்டணம் இதில் சேராது. மாமா திருப்தியாகத்தான் இருந்தார்.

இப்போது அந்த 3 கிரெடிட்.

போவதற்கு முன் லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இடது பக்கம் அங்கே படிக்கப்போகும் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாக இங்கே எந்தப் பாடம் கழியும். மாணவி, இந்தக் கல்லூரி, அந்தக் கல்லூரி, மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் துறைத் தலைவர் கையெழுத்துப் போடுவார். நான் சொன்ன செலக்ஷன் இதுதான். கிரெடிட் எண்ணிக்கை பொருந்தினால் போதாது, உள்ளே இருக்கும் பாடம் பொருந்த வேண்டும்.

ஆறு பாடத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ் ஒன்று. அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் அது கோடைக்கால செமஸ்டரில் மட்டும் நடக்கும் பாடம் என்று தெரிந்தது. அவள் போனது குளிர்கால செமஸ்டர். அந்த ஹோக்ஷூலேவின் பாடக் கையேட்டில் ஒவ்வொரு பாடத்துக்குக் கீழேயும் எந்த செமஸ்டரில் நடக்கும், எந்த மொழியில் நடக்கும் என்று ஒரு வரி இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இருந்த அந்த வரியை இங்கே ஒருவரும் படிக்கவில்லை. அவளும் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்டவர்களும் படிக்கவில்லை.

அதற்குப் பதிலாக இன்டர்நெட் ஆஃப் திங்ஸ் (ஐ.ஓ.டி.) பாடம் ஒன்றை எடுத்தாள். அதுவும் 5 கிரெடிட். இங்கே துறையில் எக்ஸ்சேஞ்ச் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள். "ஓகே மா, எடுத்துக்கோ" என்று பதில் வந்தது. அவள் நிம்மதியாக வகுப்புக்குப் போனாள். பாடம் மாறினால் லேர்னிங் அக்ரிமென்டில் அந்த மாற்றத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, மறுபடியும் மூன்று கையெழுத்து வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்தப் பாடத்தில் அவள் வாங்கியது 1.7. போனில் சொன்னதும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. 1.7 நல்ல மதிப்பெண். இதை இங்கே எப்படி மாற்றுவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சில கல்லூரிகள் கிரேடாக மாற்றி சி.ஜி.பி.ஏ.-வில் சேர்க்கும். சில வெறும் பாஸ் என்று மட்டும் குறித்துக்கொள்ளும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது பெரிய வித்தியாசம்.

பிப்ரவரி கடைசியில் திரும்பி வந்தாள். அங்கிருந்து மதிப்பெண் பட்டியல் வர இன்னும் நான்கு வாரம். அதுவரை இங்கே அவள் பெயருக்கு நேராக 7-ஆவது செமஸ்டர் காலியாகவே இருந்தது. பட்டியல் வந்ததும் ஐந்து பாடம் கழிந்தது. ஆறாவது பாடம் லேர்னிங் அக்ரிமென்டில் இல்லை என்று நிறுத்தி வைத்தார்கள். வாட்ஸ்அப் பதிலைக் காட்டினாள். அந்த ஆசிரியர் டிசம்பரிலேயே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். ஐ.ஓ.டி. பாடத்திட்டத்தை எம்பெடட் பாடத்திட்டத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் பொருந்தவில்லை என்றார்கள். அதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. நானும் ஒரு பக்கம் வைத்துப் படித்துப் பார்த்தேன், உண்மையிலேயே பொருந்தவில்லை. ஆனால் ஆறு லட்சம் செலவழித்துப் போன பிள்ளைக்கு இப்படி ஒரு படிவம் உண்டு என்று புறப்படும் முன் ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. மாமா லீவு போட்டுவிட்டு மூன்று தடவை போய் அந்த வராந்தாவில் நின்றார்.

இந்த 3 கிரெடிட்டுக்கு விலை போட்டுப் பார்த்தேன். 7-ஆவது செமஸ்டரில்தான் கேம்பஸ் இன்டர்வியூ மும்முரம். அவள் ஊரில் இல்லாததால் பெரும்பாலானவை போயின. வெளிநாடு போவதன் செலவில் இதையும் எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை. ஒரே ஒரு கம்பெனி ஆன்லைனில் இன்டர்வியூ வைத்தது, கிடைத்துவிட்டது. வருஷம் 4 லட்சம், ஜூலையில் சேர வேண்டும், அரியர் எதுவும் இருக்கக் கூடாது. எம்பெடட் பாடம் ஜூலையில் தொடங்கும் செமஸ்டரில்தான் நடக்கும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து எழுதினால் டிசம்பர். ஆறு மாதச் சம்பளம், 2 லட்சம். வேலை அதுவரை காத்திருந்தால் இந்தக் கணக்கு. காத்திருக்காவிட்டால் என்ன என்று நான் எழுதிப் பார்க்கவில்லை. டிக்கெட்டுக்கு நான்கு வெப்சைட் பார்த்து மூவாயிரம் மிச்சம் பிடித்த குடும்பம் நாங்கள்.

கடைசியில் கல்லூரி கொஞ்சம் இறங்கி வந்தது. தானாகப் படித்து ஏப்ரல், மே பரீட்சையில் அரியர் மாணவர்களோடு எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். இப்போது ராணிப்பேட்டையில் என் வீட்டில் இருந்து படிக்கிறாள். காட்பாடி வீட்டில் வருகிறவர்கள் எல்லாம் ஜெர்மனி எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், படிக்க முடியவில்லையாம்.

ஜெர்மனி நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். பனியில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லேபில் மெஷினைத் தன் கையால் பிரித்து மாட்ட விட்டார்களாம், அதைச் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டும். பரீட்சைக்குத் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் வகுப்புக்கு ஒழுங்காகப் போனாலும் எழுத விடமாட்டார்கள் என்பது போல அங்கே எல்லாமே நம் பொறுப்பு. போகும்போது இருந்த பெண் இல்லை இவள். போகாதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் இருந்து ஒரு பெண் அவள் அப்பாவோடு வந்திருந்தாள், அதே கல்லூரி, இரண்டு வருஷம் ஜூனியர். அப்பா தறி வைத்திருப்பவர். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "மொத்தம் எவ்வளவுங்க ஆச்சு?" என்று கேட்டார். நான் நோட்டை எடுக்கப் போனேன். "சித்தி, அது அப்புறம்" என்று எங்கள் பெண் லேப்டாப்பைத் திறந்தாள். அந்த ஜெர்மன் கையேட்டை எடுத்து வைத்து, பாடம் பாடமாக அந்த ஒரு வரியைக் காட்டி, எது குளிர்காலம், எது கோடை என்று ஜூனியர் பெண்ணை ஒரு தாளில் எழுதச் சொன்னாள். பதினொரு பாடம் கொண்டுவந்திருந்தாள் அந்தப் பெண். நான் டீ போட்டுக்கொண்டு வந்தபோது நான்கை அடித்திருந்தார்கள்.